மஞ்சள் கல் திரும்பிய இடம்

ஓரகத்தி நன்றாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற பெண் இந்த உலகத்தில் எங்காவது இருக்கலாம். சின்னவள் அந்த ரகம் இல்லை. அதை அவள் மூடி மறைத்ததும் இல்லை. "எனக்கு வயிறு எரியுதுங்க, ஒளிச்சு வச்சு என்ன பண்ணப் போறேன்?" என்று பிரெட்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவாள். எரிச்சலுக்குக் காரணம் அவளுடைய டீக்கடைக்கு நேர் எதிரே, தெருவின் அந்தப் பக்கம், நீளமாகக் கிடந்தது. நகரசபை போட்ட புது நடைபாதை.

மேட்டில் இருக்கும் பழைய கோட்டையையும் கீழே இருக்கும் படகுத்துறையையும் சேர்க்கிற தெரு அது. ஊர் சுற்ற வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கினால் இந்தத் தெருவில் நடந்துதான் ஆகவேண்டும். இரண்டு பக்கமும் அகலப்படுத்த இடம் இல்லை, ஒரு பக்கம்தான் முடியும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அளந்தார்கள், சாக்பீஸால் கோடு போட்டார்கள், கடைசியில் ஓரகத்தி பெரியவளின் கடை இருக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சின்னவள் பக்கம் மின்சாரப் பெட்டியும் பாதாளச் சாக்கடை மூடிகளும் வரிசையாக இருந்ததால் தொட முடியாதாம். மூடி இருந்தது அவள் செய்த குற்றமா?

இரண்டு கடையும் மாமனார் வாங்கிப் போட்டவை. மூத்த மகனுக்கு அந்தப் பக்கம், இளைய மகனுக்கு இந்தப் பக்கம். இந்தப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் நிழல் விழும். அந்தப் பக்கம் வெயில் நேராக வந்து கடைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். ஆகவே சின்னவள் கடையில் கூட்டம் நெரியும். பெரியவள் தொப்பியும் குடையும் விற்றுக்கொண்டு, சாக்குப் படுதாவைத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த நாட்களில் சின்னவளைப் போல நல்ல மனசு யாருக்கும் வராது. வேலை சற்று ஓய்ந்தால் டம்ளரில் டீயை ஊற்றி மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, "அக்கா, சூடா இருக்கு, குடிங்க" என்று தெருவைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். "பாவம், அக்காவுக்குக் கஷ்டம்" என்று சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருக்கும். இரக்கப்படுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

நடைபாதை வேலை நடந்த மாதங்களிலும் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பெரியவள் வாசலில் பள்ளம். பலகை போட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மண் வெட்டுகிறவர்கள், கல் பதிக்கிறவர்கள் எல்லோரும் டீ குடிக்க இந்தப் பக்கம்தான் வந்தார்கள். முட்டை பொரித்துப் பொரித்து அவள் புருஷனுக்குத் தோள்பட்டை வலி வந்துவிட்டது. கல் பதிக்கும் மேஸ்திரிக்குச் சர்க்கரை தூக்கலாக, பாலாடை இல்லாமல் டீ வேண்டும் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி.

பிறகு ஒருநாள் தகரத் தடுப்பை எடுத்தார்கள். சின்னவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. சாம்பல் நிறக் கல் வழவழவென்று ஓடியது. நடுநடுவே இரும்பு வளையத்துக்குள் மரம். அதுவும் கன்று இல்லை, எங்கிருந்தோ வேரோடு கொண்டுவந்து நட்ட வளர்ந்த மரம். மரத்தடியில் பெஞ்சு. பத்துப் பேர் கைகோத்துக்கொண்டு நடக்கலாம். இந்தப் பக்கமோ எதிரே ஒரு ஆள் வந்தால் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ள வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கின கூட்டம் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் அந்தப் பக்கம் போனது. ஒரு வாரத்தில் பெரியவள் வாசலில் நான்கு மேஜை போட்டாள். அடுத்த வாரம் டீ பாய்லர் வாங்கி வைத்தாள்.

"தொப்பி விக்கிறவளுக்கு டீ எதுக்குங்க?" என்று சின்னவள் புருஷனிடம் பாய்ந்தாள்.

"மரம் வச்சுட்டாங்கல்ல. நிழல்ல நடக்கிறவன் தொப்பி எதுக்கு வாங்குவான்? அண்ணியும் ஏதாவது வித்துத்தானே ஆகணும்?"

"ஏன், செருப்பு விக்கலாம். சோப்பு விக்கலாம். டீதான் கிடைச்சுதா? அதுவும் எனக்கு எதிர்ல?"

"நீ கொண்டுபோய்க் குடுத்த டீயைக் குடிச்சுக் குடிச்சு ஆசை வந்திருக்கும்."

"நீங்க யார் பக்கம்?"

"இந்தப் பக்கம்தான். பாரு, இங்கதானே நின்னுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லி அவன் அடுப்பைத் துடைக்கத் தொடங்கினான். அவனுக்குச் சண்டை போட வராது. சின்னவளுக்கு அதுவே பெரிய தலைவலி.

வியாபாரம் குறைந்ததைக்கூட அவள் ஒருமாதிரி சகித்துக்கொண்டிருப்பாள். நிழலைத் தேடி இந்தப் பக்கம் வருகிற பழைய வாடிக்கை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவளைத் தின்றது வேறொன்று. மாமனார்.

மாமனார் காலமெல்லாம் சுற்றுலா பஸ் ஓட்டியவர். இந்தத் தெருவில் எத்தனை மேடு, எத்தனை வளைவு என்று அவர் உடம்புக்குத் தெரியும். கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து, கடைசியில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிற நிலைக்கு வந்துவிட்டார். வீடு பெரியவள் கடை இருக்கும் பக்கத்தில், ஒரு சந்துக்குள். கீழே பெரியவள் குடும்பம், மாடியில் சின்னவள் குடும்பம், கீழ் அறையில் மாமனார். காலைக் கூட்டம் கலைந்ததும் சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அவர் சட்டை போட்டுத் தலை சீவித் தயாராக உட்கார்ந்திருப்பார். கையைப் பிடித்துத் தெருவைக் கடந்து கூட்டிவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்காரவைப்பாள். மத்தியானம்வரை அவர் ராஜ்யம்தான். தெருவில் ஒரு பஸ் ஏறினால், "இவன் கிளட்ச்சைக் கொன்னுக்கிட்டு இருக்கான்" என்பார். இன்னொன்று போனால், "சின்னவளே, அந்த டிரைவர் பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வந்திருக்கான், ஹாரனைக் கேளு" என்பார். கடையே சிரிக்கும்.

அப்பா முகம் தெரியாமல் வளர்ந்தவள் சின்னவள். இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளை ஒருவர் "சாப்பிட்டியா?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தார். "என் கை இல்லாம மாமா ஒரு அடி வைக்க மாட்டார்" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். சொல்லும்போது அவள் கண் தானாக எதிர்க்கடைப் பக்கம் போகும்.

புது நடைபாதையின் நடுவில் மஞ்சள் கல் ஒரு வரிசை பதித்திருந்தார்கள். மேலே வரி வரியாக மேடு. கண் தெரியாதவர்கள் கோலால் தடவிக்கொண்டே நடக்கவாம். சந்து முனையில் தொடங்கி, பெரியவள் கடையைத் தொட்டுக்கொண்டு, படகுத்துறைவரை போனது. இது எப்படி நடப்பது என்று சொல்லிக்கொடுக்க நகரசபையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுக்கும் பார்வை கிடையாது. பாடம் நடந்தது பெரியவள் கடையில். சின்னவளையும் கூப்பிட்டார்கள். போனாள். பெரியவள் புது மேஜைமேல் புதுத் துணி விரித்து, அந்தப் பெண்ணுக்கும் மாமாவுக்கும் டீ ஊற்றி வைத்திருந்ததைப் பார்த்தாள். "பாலை அடுப்புல வச்சுட்டு வந்துட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டு, பாடம் தொடங்கும் முன்பே திரும்பி வந்துவிட்டாள். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள். அந்தப் பெண் மாமாவின் கையில் கோலைக் கொடுத்து ஏதோ சொல்கிறாள், அவர் குழந்தை மாதிரி தலையாட்டுகிறார், பெரியவள் பக்கத்தில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து வழக்கம்போலக் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் நாற்காலி காலி. குளியலறையில் இல்லை. மாடியில் இல்லை. வெளியே ஓடிவந்தாள். பெரியவள் கடை வாசலில், மரத்தடி மேஜையில், கோலைச் சாய்த்து வைத்துவிட்டு மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு, சின்னவளா? வா வா. செருப்புச் சத்தத்துலயே தெரியுது, ஓடி வந்திருக்கே" என்றார். முகம் மலர்ந்து கிடந்தது. "நானே வந்துட்டேன், தெரியுமா? யார் கையும் பிடிக்கல. சந்து முனையில ஒரு திருப்பம், அப்புறம் நேர் ரோடு. டாப் கியர்ல வந்தேன்."

"சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே மாமா."

"அதுக்குத்தான் சொல்லல. நீயும் கடையை விட்டுட்டு ஓடி வந்து, ஒரு கிழவனைக் கையில பிடிச்சுக்கிட்டு... எனக்கும் ஒவ்வொரு நாளும் சங்கடமாத்தான் இருந்துச்சு. இனிமே அந்தத் தொல்லை உனக்கு இல்ல."

தொல்லையாம்! சின்னவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பெரியவள் துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டே, "உட்காரேன் சின்னவளே, ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போ" என்றாள். சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. அதனால்தான் அது அப்படிக் குத்தியது.

"கடையில ஆள் நிக்குது அக்கா" என்று திரும்பினாள். கடையில் ஈ தவிர யாரும் இல்லை.

அதிலிருந்து தினமும் இதே கதை. அவர் அடிக்கிற பஸ் ஜோக்குக்கு அந்தப் பக்கம் சிரிப்பார்கள், சத்தம் இந்தப் பக்கம் வரும். சின்னவள் சும்மா இருப்பாளா? சாயங்காலம் வீட்டில், "நாளைக்கு நம்ம கடைக்கு வாங்க மாமா, உங்களுக்குப் பிடிச்ச மாதிரி முறுகலா ரொட்டி சுட்டுத் தர்றேன்" என்றாள்.

"வரலாம்தான். ஆனா கல்லு அந்தப் பக்கம் இல்லையேம்மா."

"நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம்டா சாமி. பிடிச்சு நடந்த வரைக்கும் போதும். நடக்க முடியற வரைக்கும் நான் என் கால்ல போறேன். ரொட்டியை வீட்டுக்குக் கொண்டு வா, சாப்பிடறேன்."

அன்றைக்கு அவள் புருஷன் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். இவள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். எல்லாம் கல். கல் இருந்தால் வருவார். அவ்வளவுதானே?

ஒரு லாரி ஏறி பெரியவள் கடைக்குக் கொஞ்சம் முன்னால், சின்னவள் கடைக்கு நேர் எதிரே, நடைபாதைக் கல் சில உடைந்துபோயிருந்தது. மாற்றிப் போட மேஸ்திரி ஒருநாள் மத்தியானம் தனியாக வந்தார். நேரே சின்னவள் கடைக்கு வந்து டீ கேட்டார். அவள் சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டாள், பாலாடையை எடுத்தாள், கேட்காமலேயே முட்டை ரொட்டி ஒன்றையும் வைத்தாள்.

"என்னக்கா, இன்னைக்குக் கவனிப்பு பலமா இருக்கே?" என்றார் மேஸ்திரி.

"மஞ்சள் கல்லு மிச்சம் இருக்கா?"

"வண்டியில கிடக்கு. எதுக்கு, வீட்டுக் குளியலறைக்கா? நல்லாத்தான் இருக்கும், வழுக்காது."

"அந்தப் பக்கம் மஞ்சள் வரிசை நேராப் போகுதுல்ல? அதுலேருந்து இப்படித் திருப்பி, என் கடைக்கு எதிர்ல ரோட்டு ஓரம் வரைக்கும் ஒரு வரிசை போட்டுக் குடு."

மேஸ்திரி ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். "டிசைன்ல இல்லாததைப் போட்டா என் வேலை போயிடும்க்கா. அது என்ன கோலமா, இஷ்டத்துக்கு இழுக்க?"

"யாருக்காகக் கேக்கறேன்? எங்க மாமாவுக்காக. கல்லு திரும்பினா அவர் திரும்புவார், ஓரத்துல வந்து நிப்பார். நான் இங்கேருந்து பார்த்துக்கிட்டே இருப்பேன். ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்துடுவேன். கண்ணு தெரியாத மனுஷன், மருமக கையால ஒரு டீ குடிக்கணும்னு ஆசைப்படறது தப்பா?"

ஆசை யாருடையது என்று மேஸ்திரிக்குத் தெரியாது. அவருக்கும் வீட்டில் வயசான அப்பா இருந்தார். தலையைச் சொறிந்தார்.

"சரி, போட்டாலும் ரோட்டு ஓரத்துல புள்ளிக் கல்லு வைக்கணும். அது ஸ்டாக் இல்ல. என்கிட்ட இருக்கறது பூரா கோட்டுக் கல்லு."

"புள்ளி என்ன, கோடு என்ன, ரெண்டும் மஞ்சள்தானே? அதான் நான் நிக்கிறேன்னு சொல்றேனே!"

அவர் மறுபடியும் தலையைச் சொறிந்தார். பிறகு ரொட்டியைத் தின்று முடித்துவிட்டு எழுந்து போனார். இருட்டும் முன் அந்தப் பக்கம் மஞ்சள் வரிசையிலிருந்து ஒரு சின்னக் கிளை பிரிந்து, தெரு ஓரம்வரை வந்து நின்றது. சின்னவள் கல்லாவில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். "என்ன, உன் முகத்துல பல்பு எரியுது?" என்று புருஷன் கேட்டான். "உங்களுக்கு எதுக்கு?" என்றாள்.

மறுநாள் காலை நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ரொட்டியை முறுகலாகச் சுட்டுத் தட்டால் மூடி வைத்தாள். வாசலில் நின்று சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தானா அது நடக்கவேண்டும்! எத்தனையோ நாளாக எட்டிப் பார்க்காத ஒரு சுற்றுலாக் கூட்டம் வழி தவறி அவள் பக்கம் வந்து, கடை நிரம்ப உட்கார்ந்துவிட்டது. ஒருவர் முட்டை கேட்கிறார், ஒருவர் சர்க்கரை இல்லாமல் டீ கேட்கிறார், ஒரு பெண் குழந்தைக்கு வெந்நீர் கேட்கிறாள். சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. 'பார்த்தியா அக்கா, என் கடையிலயும் கூட்டம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு டம்ளர்களை வரிசையாக அடுக்கினாள்.

வெளியே ஒரு ஹாரன் நீளமாக அலறியது. டயர் தேய்கிற சத்தம். அதன் பின்னால் ஏதோ சடசடவென்று விழுகிற சத்தம்.

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நடுத்தெருவில் மாமா நின்றுகொண்டிருந்தார். கோல் கையில் இல்லை. ஒரு வேன் அவர் முழங்காலைத் தொடுகிற தூரத்தில் நின்றது. அவரைத் தவிர்க்கத் திருப்பின பைக் ஓட்டி ஒருவன் கீழே கிடந்தான். அவன் ஏற்றிவந்த தண்ணீர் கேன்கள் மேட்டிலிருந்து கீழே உருண்டுகொண்டிருந்தன. "மாமா!" என்று கத்திக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து பெரியவள் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு எப்படியோ போய் இன்னொரு கையைப் பிடித்தாள். 

"கல்லு திரும்பிச்சேன்னு நானும் திரும்பினேன்" என்றார் மாமா. "கோடுதானே இருந்துச்சு... புள்ளி வரலையே. புள்ளி வந்தா நில்லு, கோடு இருந்தா போன்னு அந்தப் பொண்ணு சொன்னாளே. நான் காலால தடவித் தடவிப் பார்த்துட்டுத்தானே வந்தேன்."

பெரியவள் குனிந்து மஞ்சள் கிளையைப் பார்த்தாள். அது எங்கே திரும்புகிறது, யார் கடையைப் பார்த்து வந்து நிற்கிறது என்று பார்த்தாள். பிறகு சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை.

பைக் ஓட்டி வந்தவனுக்கு முட்டியில் சிராய்ப்பு, வேறு ஒன்றும் இல்லை. மாமாவை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். விஷயம் மேஸ்திரி காதுக்கு எட்டியதும் அவர் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து, அதிகாரி யாரும் வருமுன் மஞ்சள் கல்லையெல்லாம் பெயர்த்துவிட்டுச் சாம்பல் கல்லை அடித்து மட்டம் பார்த்து, தடயமே இல்லாமல் செய்துவிட்டுப் போனார். சின்னவள் கடைப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சமையலறையில் பெரியவள் அவளை நிறுத்தினாள்.

"நீயே மாமாகிட்ட சொல்லிடு. நான் சொன்னா ஓரகத்தியைப் போட்டுக்குடுக்கறான்னு ஆயிடும். உன் புருஷன்கிட்டயும் நான் வாயைத் திறக்கல."

"நான் வேணும்னு பண்ணலக்கா."

"வேணும்னுதான் பண்ணே. விழணும்னு பண்ணல. அது எனக்குத் தெரியும்." பெரியவள் பாத்திரத்தைத் தேய்த்தபடியே சொன்னாள். "நீ தெரு தாண்டி எனக்குத் தட்டு மூடிக் கொண்டு வருவியே டீ, அது ஒருநாளாவது எனக்குத் தொண்டைக்குக் கீழ இறங்கியிருக்கும்னு நினைக்கறியா? எரிச்சல் உனக்கு மட்டும்தான் வரும்னு நினைச்சுக்காத. ஆனா நான் கல்லு பதிக்கல."

 நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றாள் சின்னவள்.

மறுநாள் காலை மாமா மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு, அவன் தோளைப் பிடித்தபடி அந்த இடத்துக்குப் போனார். கோலால் தட்டினார். உட்கார்ந்து கையால் தடவினார். சாம்பல் கல்தான். வழவழவென்று இருந்தது. "இங்க மஞ்சள் கல்லு இருந்துச்சா?" என்று கேட்டார். "இல்லையேப்பா. வரிசை நேராத்தானே போகுது" என்றான் மகன்; அவன் வெளியூருக்கு வேன் ஓட்டிப் போய்விட்டு முந்தின ராத்திரிதான் திரும்பியிருந்தான்.  வீட்டுக்கு வந்து கோலை மூலையில் சாத்தினார்.

அன்றும் வெளியே போகவில்லை, அதற்கடுத்த நாட்களும் போகவில்லை. சின்னவள் பிளாஸ்கில் டீயும், துணியில் சுற்றின ரொட்டியும் கொண்டுபோனாள். அவர் வாங்கிக் குடித்தார். "உன் டீ மாதிரி வராதும்மா" என்றார். பெரியவள் அனுப்பினது அப்படியே ஆறிக் கிடந்தது. எதற்காக இத்தனை பாடுபட்டாளோ அது கைக்கு வந்துவிட்டது! மாமா அவள் டீயைத்தான் குடிக்கிறார், அவளோடுதான் பேசுகிறார். எதிர்க்கடை மேஜை காலியாகக் கிடக்கிறது. சின்னவளுக்கு அதைப் பார்க்க முதல்நாள் திருப்தியாகக்கூட இருந்தது என்று சொன்னால் அவளைத் திட்டாதீர்கள். மனசு அப்படித்தான், சொல்பேச்சுக் கேட்காது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பாள், 'இன்னும் ஒரே ஒரு நாள்' என்று மூடிக்கொள்வாள்.

பிறகு ஒருநாள் காலை அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"சின்னவளே, உன்கிட்ட மட்டும் கேக்கறேன். என் பேச்சுல ஏதாவது மாற்றம் தெரியுதா?"

"என்ன மாமா மாற்றம்?"

"சொன்னதையே சொல்றேனா? பேர் மறந்து போகுதா? மறைக்காம சொல்லு. கண்ணு போச்சு, சரி, பழகிக்கிட்டேன். ஆனா இல்லாத கல்லை இருக்குன்னு கால் சொல்லுது பாரு, அது வேற. அது புத்தி கழண்டுட்டதோட அடையாளம். காலம் பூரா பஸ் ஓட்டினவன், அடையாளம் பார்க்காம ஒருநாளும் வண்டியைத் திருப்பினது கிடையாது. நடுரோட்டுல போய் நின்னிருக்கேன். வேன்காரன் குழந்தைகளை ஏத்திக்கிட்டு வந்திருந்தா? அவன் என்னைத் தவிர்க்கப் போய்க் கவுந்திருந்தா?" கோலைச் சாத்தியிருந்த மூலைப் பக்கம் கையைக் காட்டினார். "பெரியவன்கிட்டச் சொல்லி என்னை உள்ளே வச்சுப் பூட்டிடச் சொல்லணும்னு இருக்கேன். கோலையும் யாருக்காவது குடுத்துடுங்க."

 சின்னவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சில நாட்களில் அது எப்படிச் சுருங்கிவிட்டது! தலைகூடச் சீவவில்லை. அவர் தனியாக வெளியே போய்வந்ததையே தான் பறித்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது.

"மாமா, கல்லு இருந்துச்சு" என்றாள்.

"என்ன?"

"மஞ்சள் கல்லு இருந்துச்சு. நான்தான் மேஸ்திரிகிட்டச் சொல்லிப் போடவச்சேன். நீங்க என் கடைக்கு வரணும்னு. நீங்க ஓரத்துல வந்து நிப்பீங்க, நான் வந்து பிடிச்சுக்கலாம்னு நினைச்சேன். புள்ளிக் கல்லு வேணும்னு அவர் சொன்னார், நான்தான் வேணாம்னேன். அன்னைக்கே பெயர்த்துட்டாங்க. உங்க கால் சொன்னது சரி மாமா. உங்க புத்தியில ஒண்ணும் இல்ல."

 அடி விழும் என்று அவள் எதிர்பார்த்தாள். விழுந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"இருந்துச்சா?" என்றார் மெதுவாக.

"இருந்துச்சு மாமா."

"கோட்டுக் கல்லுதான்?"

"கோட்டுக் கல்லுதான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூச்சு மாதிரி வந்தது, பிறகு தோள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "அடக் கடவுளே, அப்ப நான் சரியாத்தான் இருக்கேன்! நான் சரியாத்தான் திரும்பியிருக்கேன்!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். சின்னவளும் அழுதுகொண்டே சிரித்தாள்.

திடீரென்று சிரிப்பு நின்றது.

"நீ இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

அவள் பிளாஸ்கின் மூடியைத் திருகி இறுக்கினாள்.

"இத்தனை நாளா நான் பைத்தியக்காரனா உட்கார்ந்திருந்தேன். நீ டீ கொண்டு வந்து குடுத்துக்கிட்டு, பார்த்துக்கிட்டு இருந்திருக்கே. ரோட்டுல நிறுத்தினியே, அதைக்கூட மன்னிச்சுடுவேன். அது புத்தியில்லாம பண்ணது. இது?"

"நீங்க என் டீயை மட்டும் குடிச்சீங்க மாமா" என்றாள் சின்னவள். அதைவிட உண்மையான பதில் அவளிடம் இல்லை. "அதை விட மனசு வரல."

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது. "என் சட்டையை எடு. கோலை எடு" என்றார். எடுத்துக் கொடுத்தாள். சீப்பை அவரே தேடி எடுத்துத் தலை சீவிக்கொண்டார். பொத்தான் போட உதவ வந்த கையைத் தட்டிவிட்டார்.

சந்து முனைவரை அவள் பின்னாலேயே போனாள்.

"பின்னால வராத. செருப்புச் சத்தம் கேக்குது."

அவள் நின்றாள். அவர் கோலை நீட்டி மஞ்சள் வரிசையைத் தேடினார். கிடைத்ததும் உடனே நடக்கவில்லை. ஒரு கல்லைத் தட்டி, காலால் அழுத்தி, மறுபடி தட்டி, அப்புறம்தான் அடுத்ததில் கால் வைத்தார். முன்பு அப்படி இல்லை. முன்பு விறுவிறுவென்று போவார். இப்போது ஒவ்வொரு கல்லையும் விசாரித்துக்கொண்டு போனார். ஊர் சுற்ற வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். கிளை பிரிந்திருந்த இடம் வந்ததும் நின்றேவிட்டார். கோல் வலது பக்கம் போயிற்று, இடது பக்கம் போயிற்று. தெருவில் வண்டிகள் ஏறிக்கொண்டிருந்தன.  சின்னவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிடலாம். பத்தடி தூரம்கூட இல்லை. பிடித்தால் இனி ஒருநாளும் அவர் தனியாக வெளியே வரமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் நேராகக் கால் எடுத்து வைத்தார்.

எதிரே பெரியவள் டீக்கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். அவளும் பக்கத்தில் வரவில்லை, நாற்காலியை மட்டும் சத்தம் வருகிற மாதிரி இழுத்துப் போட்டாள். அவர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். பெரியவள் டீ வைத்தாள். அவர் ஏதோ சொன்னார். பஸ்ஸைப் பற்றித்தான் இருக்கவேண்டும், மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. ஒரு துளிகூடக் குறையவில்லை, முன்னைவிட அதிகமாகவே எரிந்தது. தெருவைத் தாண்டிப்போய்க் கடையைப் பார்க்கவேண்டும், பால் பொங்கிவிடும், புருஷன் தனியாகத் திணறிக்கொண்டிருப்பான். எல்லாம் தெரிந்தும், அவர் அந்த டீயைக் கடைசி வாய்வரை குடித்து டம்ளரைக் கீழே வைக்கும்வரை, அவள் அந்தச் சந்து முனையை விட்டு நகரவில்லை.